டிராம் திரும்பும் வளையம்

“அத்தா போனதுல இருந்து மாங்காமண்டியச் சாத்திப் போட்டுட்டு, டிராம் உட்டு வெளையாடறயாடா?”

நியாஸ் சுத்தியலை ஓங்கினான். தம்பி ஷஹீர் மேசைமேல் அமைத்திருந்த மாதிரி இரயில் நகரத்தில், புதிய டிராம் தெரு பொடிப்பொடியாயிற்று. தடுத்தவன் வாயிலும் அடி விழுந்தது. தண்டவாளத்தில் குருதி சொட்டியது.

“அந்த வளையத்த மட்டும் உட்டுருங்கண்ணா!”

“தெருக்கோடியில இந்த வட்டம் ஒண்ணுதான் கேடு!”

மீண்டும் உயர்ந்த சுத்தியல் அந்தரத்தில் நின்றது. வளையத்தின் அருகே, அவர்களது முதலமடை மாங்காய் மண்டியின் சிற்றுருவ வாசலில், வெண்தொப்பி அணிந்த விரலளவுப் பொம்மை: அவர்களைப் பெற்ற அத்தா. சென்ற மாம்பருவத்தில், அதே வாசலில், நியாஸ் பின்னோக்கி எடுத்த லாரியின் சக்கரத்தில் மாண்டவர்.

ஷஹீர் உதட்டைத் துடைத்தான்.

“டிராம் வளையத்துல சுத்தித் திரும்பிக்குமுங்கண்ணா. ரிவர்ஸ் எடுக்கவே வேண்டாம்.”