கைக்கு அடக்கமான கத்தி

“இந்தக் கத்தியப் பாருங்க, வெள்ளியாட்டம் மினுங்குது” என்று மாதேஷ் எடுத்து நீட்டினான். திருச்செங்கோட்டுப் பாத்திரக் கடையில் அவன் விற்க வந்த முதல் சாமான் அதுதான்.

கடை அவன் சிநேகிதன் ஈஸ்வருடையது. மாதேஷுக்குத் தொழில் போர் போடுகிற ரிக் வண்டி. எதிரே நிற்கிற ஜோதியைத்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். காபித் தட்டோடு வந்துபோகிற அரை நிமிஷத்தில் ஒருத்தியைப் பற்றி என்ன தெரியும்? அப்படிப் பார்த்த ஆறு இடமும் தட்டிப்போயிருந்தது.

இன்று ஜோதி சமையல் சாமான் வாங்க வருகிறாள் என்று தரகர் காதில் போட்டார். உடனே, பெண் வீட்டுக்குக் கொடுத்த போட்டோவில் இருந்த தாடியை மழித்துவிட்டு, கடைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டான். கல்லாவில் ஈஸ்வர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

ஜோதி கத்தியைத் தொடவில்லை.

“நீங்க ஒருக்கா ஆட்டிப் பாருங்க” என்றாள்.

ஆட்டினான். பிடியில் ஆணி லொடலொடத்தது. வேண்டுமென்றேதான் அதை முதலில் எடுத்திருந்தான். பெண் பாஸ். அப்போதே அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“மினுக்கு இருந்தாப் போதுங்களா? பிடி ஆடுனா வெரல் போயிருமுங்க. அந்த மரப்பிடி போட்டத எடுங்க. புடிச்சுப் பாருங்க, வழுக்குதுங்களா?”

“இல்லீங்க. நெல்லா அடங்குதுங்க.”

“அப்ப அதையே வைங்க.”

அடுத்தது தேங்காய்த் துருவி. குனிந்து பல்வரிசையைப் பார்த்தாள், திருப்தி. “பலகை மேல உக்காந்து திருவுற மாதிரி காட்டுங்க. முட்டி இடிக்குதான்னு பாக்கோணும்.”

யாவாரம் என்றால் இதெல்லாம் உண்டு போல என்று உட்கார்ந்து, இல்லாத தேங்காயைத் துருவினான். முட்டி இடித்தது. ஒரு சைஸ் பெரியதாக எடுக்கச் சொன்னாள்.

பூரிக்கட்டையில் ரேகை ஓடிய தேக்கைத் தேர்ந்தெடுத்தாள். அதையும் அவனே உருட்டிக் காட்டினான். என்ன ரசனை இவளுக்கு என்று பூரித்துப்போனான்.

“உங்களுக்குச் சமைக்கத் தெரியுங்களா?”

வெந்நீர் தவிர எதையும் வைத்தறியாதவனுக்குச் சந்தோஷத்தில் வாய் நீண்டுவிட்டது. “எங்கூட்டுல நாந்தானுங்க சமையல். பிரியாணி வரைக்கும் செய்வேனுங்க.”

கல்லாவில் ஈஸ்வருக்குப் புரையேறியது.

ஜோதி தலையை மட்டும் ஆட்டினாள். “அப்ப முறுக்குப் புழியற உழக்கையும் எடுத்து வைங்க.”

எல்லாவற்றையும் பையில் போடுவதற்குள் மாதேஷ் முடிவு செய்துவிட்டான். கட்டினால் இவளைத்தான். ஆனால் இவள் சரி என்று சொல்ல வேண்டுமே. அவளை இன்னும் ஒரு நிமிஷமாவது நிறுத்திவைக்கப் பார்த்தான்.

“ஏனுங்க, ஒரு சாமானக்கூட நீங்க கையில புடிச்சுப் பாக்கலையே. ஊட்டுக்குப் போயித் தோதுப்படாட்டி என்ன பண்ணுவீங்க?”

ஜோதி பையை அவன் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

“சமைக்கப் போறவரு கைக்கு அடங்குனாப் போதுமுங்க, மாப்பிள்ளை.”