முன்வரிசை

இந்தப் பிள்ளை மேடையில் மட்டும் அழுதுவிடக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, டாக்டர் பூங்கோதை பக்கத்து நாற்காலியில் இருந்த ரோஸ்லினைப் பார்த்தாள். இந்த வருஷம் உதவித்தொகைக்குத் தேர்வான பள்ளி மாணவி; சீருடையின் மடிப்பை நீவி நீவிக் கலைத்துக்கொண்டிருந்தாள். அறக்கட்டளைச் செயலாளர் சிதம்பரநாதன் குனிந்து பூங்கோதையின் கையில் மைக்கைத் திணித்தார்.

"அப்பா செத்த கதையைச் சொல்லச் சொன்னா வாயே திறக்க மாட்டேங்குது. நீ பேச வைம்மா. முன்வரிசைக்காரங்க கண்ணு கலங்கினாத்தான் அடுத்த வருஷமும் பணம் கொடுப்பாங்க. நீ அன்னைக்கு என்னமா அழுதே!"

அழுதாள்தான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்த அப்பாவை வருஷா வருஷம் இதே மேடையில் விழவைத்துத்தான் அவள் டாக்டரானாள். எந்த வரியில் கைக்குட்டைகள் வெளியே வரும் என்பதுகூட அத்துப்படியாகியிருந்தது. கதைக்குத் தேவைப்படாத அப்பா, சைக்கிளில் விசிலடித்துக்கொண்டு வரும் அப்பா, எங்கோ கைநழுவிப் போனார். இப்போது வீட்டில் அம்மா அவர் பேச்சை எடுத்தாலும் பூங்கோதைக்கு மேடைக் குரல்தான் வருகிறது, கண் நனைவதில்லை.

"சொல்லலைன்னா நிறுத்திருவாங்களாக்கா?" என்று ரோஸ்லின் மெல்லக் கேட்டாள்.

"தெரியலம்மா."

"நேரமாகுது, டாக்டரம்மா." செயலாளர் சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்தார். முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது.

பூங்கோதை மைக்கின் சுவிட்சை அணைத்தாள். அதை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"இல்ல சார்," என்றாள், செயலாளருக்கும் ரோஸ்லினுக்கும் மட்டும் கேட்கும்படி.