முதல் தடவை

கணவர் நெஞ்சுவலியில் துடித்தபோது பிலோமினா பக்கத்து வீட்டுச் சவரிராயனிடம் ஓடிப்போய்க் காரைக் கேட்டாள். "வண்டி ஸ்டார்ட் ஆகலம்மா" என்று கைவிரித்தார். ஆட்டோ வருவதற்குள் உயிர் போய்விட்டது. அவள் அந்தக் காரைத்தான் சபித்தாள், மனிதரை அல்ல.

கணவரின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையை இப்போது அவளே நடத்துகிறாள். இரண்டு வருடம் கழித்து அதே காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஸ்டீயரிங்கில் சவரிராயன்; பின்சீட்டில் அவர் மகள் ரோஸ்லின், கைக்குழந்தையோடு.

"இருவது வருசத்துல இது மக்கர் பண்றது இதான் மொத தடவ" என்றார் அவர்.

ஸ்பேனர் பிடித்த கை அப்படியே நின்றது. பேட்டரியின் எர்த் வயர்தான் தளர்ந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். இன்ஜின் உறுமியதும் ஜன்னலருகே குனிந்தாள்.

"ரோஸி, எங்க வீட்டுக்காரர் செத்த அன்னைக்கும் இந்த வண்டி நல்லாத்தான் இருந்துச்சாம். ஒங்கப்பா வாயாலயே சொல்லிட்டாரு."

ரோஸ்லின் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.