கோரை முடியில் சடை

"எனக்கு ட்ரெட்லாக்ஸ் போடணும். தலை முழுக்க, சாமியார் சடை மாதிரி."

சலூனில் ஹேர் டிரையர் சத்தமே நின்றுவிட்டது. கேட்டவர் ஐம்பதைத் தொடப்போகிற ஒரு கணக்கு டீச்சர். மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு கட்டு விடைத்தாள், இடுப்பு வரைக்கும் வழுவழுவென்று கோரை முடி.

"இந்த வயசுல இது வேறயா!" என்று அங்கே முடி வெட்டிக்கொண்டிருந்த பக்கத்து நாற்காலிக்காரி நமுட்டுச் சிரிப்பு சிரித்தாள்.

ஊசியக்கா கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். எந்நேரமும் காதில் குரோஷா ஊசியைச் செருகிக்கொண்டு திரிவதால் அவளுக்கு அந்தப் பேர். சுருட்டை முடியைச் சடையாக்குவதில் அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது. கோரை முடியில் கை வைத்தது போன மாதம்தான், அதுவும் ஒரே ஒரு காலேஜ் பெண்ணுக்கு. ஒரே வாரத்தில் அத்தனையும் அவிழ்ந்து தொங்கிவிட்டது. அந்தப் பெண் சும்மா இருப்பாளா? செல்போனைத் தூக்கிப் பிடித்து, "நாள் முழுக்க உட்கார வச்சு ஏமாத்திட்டாங்க" என்று வீடியோ போட்டுவிட்டாள். ஊரே பார்த்துச் சிரித்தது.

அன்றைக்குப் பிறகு ஊசியக்காவின் நாற்காலியில் ஈ கூட உட்காரவில்லை. "இந்த மாசக் கடைசியோட நாற்காலியைக் காலி பண்ணிடும்மா" என்று ஓனரம்மாவும் சொல்லிவிட்டார்.

"டீச்சர், உள்ளதைச் சொல்லிடறேன். உங்க முடி வழுக்கும். லேசுல பிடிக்காது. பிடிச்சுட்டா அப்புறம் வேண்டாம்னாலும் வெட்டித்தான் எடுக்கணும். போன தடவை நான் போட்டது அவிழ்ந்தே போச்சு. நீங்க வேற ஆளைப் பாருங்க."

"வேற ஆள் வேண்டாம். நீதான் போடணும்."

"ஸ்கூல்ல ஏதாவது சொல்லுவாங்களே?"

"சொல்லுவாங்க. கேட்டுக்கறேன்."

அப்புறம் என்ன? ஊசியக்கா வேலையில் இறங்கினாள். தலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தாள். ஒவ்வொரு கட்டத்து முடியையும் சீப்பால் வேர்ப்பக்கமாகவே தள்ளித் தள்ளிச் சிக்காக்கினாள். சிக்கை உள்ளங்கையில் உருட்டி, வெளியே துருத்திய இழைகளை ஊசியால் உள்ளே இழுத்துவிட்டாள். ஒரு சடை முடியவே பத்து நிமிஷம். மொத்தம் ஐம்பத்திரண்டு.

"வலிக்குதா டீச்சர்?"

"வலிக்காம இருக்குமா? நீ வேலையைப் பாரு. கண்ணுல தண்ணி கட்டினதுல ஒரு மக்குப் பையனுக்கு ரெண்டு மார்க் கூடப் போட்டுட்டேன். அவன் அதிர்ஷ்டம்."

காலையில் உட்கார்ந்தவர் எழுந்தபோது சாயங்காலம். ஊசியக்காவின் விரல்கள் மரத்துப் போயிருந்தன.

"மூணு வாரம் தலைக்குக் குளிக்கக் கூடாது. கண்டிஷனர் எப்பவுமே கூடாது. போட்டீங்கன்னா பழைய வழுவழுப்பு வந்து எல்லாம் அவிழ்ந்துடும்."

"இதை எல்லாருக்கும் சொல்றியா?"

"சொல்றதென்ன, கைப்பட எழுதியே குடுக்கறேன்."

அந்தத் தாளை டீச்சர் விடைத்தாள் திருத்துகிற மாதிரி வரி வரியாகப் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மாசக் கடைசி வந்தது. ஊசியக்கா சீப்புகளை எல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது.

டீச்சர்! தலையில் ஐம்பத்திரண்டு சடையும் கயிறு மாதிரி கிண்ணென்று நின்றன. பக்கத்து நாற்காலிக்காரி ஒன்றை இழுத்தே பார்த்துவிட்டாள்.

"அடேயப்பா! அசையலையே!"

"நேத்துதான் மூணு வாரம் முடிஞ்சு தலைக்குக் குளிச்சேன். ஒண்ணுகூட அவிழலை" என்றார் டீச்சர். "அரிப்புதான் உயிரை வாங்கிடுச்சு. பசங்க 'விளக்குமாறு'ன்னு பேர் வச்சாச்சு. ஹெட்மிஸ்ட்ரஸ் ரெண்டு தடவை கூப்பிட்டு விட்டாங்க."

ஓனரம்மா வந்தார். டீச்சரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு சீப்பை எடுத்து மறுபடி கண்ணாடி முன்னால் வைத்தார்.

ஊசியக்கா அட்டைப்பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு டீச்சரிடம் வந்தாள். "நீங்க எனக்கு ஒட்டா உறவா? எதுக்கு டீச்சர் இந்தப் பாடு?"

டீச்சர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஊசியக்காவின் கையெழுத்துதான். ஆனால் மேலே போன மாதத் தேதி.

"இது நான் அந்தக் காலேஜ் பொண்ணுக்குக் குடுத்ததாச்சே! உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"மடிச்சது மடிச்சபடி ஒரு புத்தகத்துக்குள்ள கிடந்தது. யாரும் பிரிச்சே பார்க்கலை. மூணாம் நாளே கண்டிஷனர் போட்டுக் குளிச்சாச்சு. பழி மட்டும் உன் மேல."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"வாயால சொன்னா யாரு நம்புவாங்க? அந்த வீடியோவை அழிக்க வச்சுட்டேன். பார்த்தவங்க மனசுல இருக்கறதை எப்படி அழிக்கறது? அதான் தலையைக் குடுத்தேன்."

டீச்சர் வாசல் பக்கம் திரும்பினார். அங்கே செல்போனும் கையுமாக, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றிருந்தாள் அதே காலேஜ் பெண்.

"உள்ள வாடி. அன்னைக்கு உன் தலையை வீடியோ எடுத்துப் போட்டேல்ல? இன்னைக்கு உன் அம்மா தலையை எடுத்துப் போடு."