நாலு நாள் ஈரம்

“நான் மக்காவுக்கு உம்றா செய்ய வரல்ல பீபி. நீ மகனோட போ,” என்றார் முத்தலிப்.

“ரெண்டு பேரும் சேந்து போகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தோம்! என்ன வந்துச்சு உங்களுக்கு?”

அதைத்தான் அவரால் மனைவியிடம் சொல்ல முடியவில்லை. நான்கு நாட்களாக அதிகாலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது படுக்கை நனைந்திருந்தது. எழுபது வயதில் இப்படியொரு வெட்கக்கேடா என்று குன்றிப்போனவர், பீபி தொழும் நேரம் பார்த்து விரிப்பைத் தானே அலசிக் காயப்போட்டு வந்தார். அடுத்தவர்களோடு ஒரே அறையில் தங்க வேண்டிய பயணத்தை நினைத்தாலே உடம்பு கூசியது.

அறை சரியாகக் குளிரவில்லை என்று பீபி சொல்லியனுப்பியிருந்ததால், ஏசி மெக்கானிக் றெக்சன் அன்று காலை அலுவிகாரையிலிருந்த அவர்கள் வீட்டுக்கு வந்தார். கட்டிலுக்கு மேலே இருந்த ஏசியைத் திறந்து பார்த்து உச்சுக்கொட்டினார்.

“சர்வீஸ் பண்ணி எவ்வளவு நாளாச்சு, முத்தலிப் நானா? பில்டர் முழுக்கத் தூசு. தண்ணி போற பைப்பும் அடைச்சிருக்கு. வெளிய போக வேண்டிய தண்ணி கட்டில்லதான் சொட்டியிருக்கும். பாக்கலையா?”

முத்தலிப் ஏசியையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். விளங்கியதும், “அல்ஹம்துலில்லாஹ்!” என்று கத்தியே விட்டார்.

பைப்பைச் சுத்தம் செய்ய றெக்சன் வெளியே போனதும், பீபி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

“அப்ப அது ஏசித் தண்ணியா? நான்தான் நனைச்சிட்டேன், என்னை வெட்கப்படுத்தக் கூடாதுன்னு நீங்க சத்தமில்லாம கழுவுறீங்கன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்!”