தக்பினாவின் அடுத்த முப்பது வருடங்கள்

சின்ன நகராட்சிகளுக்கு எதிர்காலம் எழுதிக் கொடுப்பதுதான் விர்ஹிலியோவின் தொழில். மணிலாவில் ஓர் அறை, ஒரு கணினி, பெயருக்கு முன்னால் தானே போட்டுக்கொண்ட டாக்டர் பட்டம். முப்பதாண்டுத் திட்டம் இல்லாமல் மேலிடத்தில் எந்தக் கோப்பும் நகராது என்பதால் மேயர்கள் அவனைத் தேடி வந்தார்கள். அவன் வேறு ஏதாவது ஊரின் திட்டத்தை எடுப்பான்; ஊர்ப் பெயரை மாற்றுவான்; அட்டையில் அலையாத்தி மரங்களின் படம் போடுவான். அவ்வளவுதான்.

தக்பினாவ் அவனுக்கு ஒன்பதாவது ஊர். கடற்கரை, ஆற்று முகத்துவாரம், பின்னால் மலை. இந்த மூன்றையும் இணையத்தில் தட்டியபோது, திட்டமிடுவோர் சங்கத்தின் தளத்தில் சான் அபெலார்தோ என்ற ஊரின் திட்டம் வந்து விழுந்தது. நூற்றெண்பது பக்கம். எழுதியவர் பெயர்கூட இல்லை. தக்பினாவுக்கே அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. பெயரை மாற்றி அனுப்பிவிட்டான்.

நகரசபை கூடுவதற்கு நான்கு நாள் முன்பே வந்துவிடும்படி பதில் வந்தது. நகராட்சியின் திட்ட அலுவலர் பூரிதா சுமால்போங் அனுப்பியிருந்தார்.

படகுத்துறையில் காத்திருந்த பூரிதாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் திட்டத்தின் அச்சுப் பிரதி. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்புகள். எட்டு ஊர்களில் ஒருவர்கூட அவன் கொடுத்ததைப் படித்ததில்லை.

பெட்டியைக்கூட வைக்கவிடாமல் முகத்துவாரத்துக்கு நடத்திக்கொண்டு போனார். மூங்கில் கால்களின் மேல் வீடுகள் தண்ணீருக்குள் நின்றன. போன புயலில் பாதி போய், மறுபடி அதே இடத்தில் கட்டியவை.

"இங்க எத்தனை வீடு சார்?"

விர்ஹிலியோ கண்ணுக்குத் தெரிந்த கூரைகளை எண்ணத் தொடங்கினான்.

"நூத்தி நாப்பத்திரண்டு. உங்க திட்டத்துலயே இருக்கே," என்றார் பூரிதா, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

குத்திக்காட்டுகிறார் என்றே அவன் நினைத்தான். அடுத்த இரண்டு நாளும் அப்படியேதான் போயின. திட்டப்படி இந்த மக்களைக் குடியமர்த்த வேண்டிய மலைச்சரிவுக்கு அவனை ஏற்றிக்கொண்டு போனார். ஊற்று எங்கே, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், சந்தையை எங்கே மாற்றுவது என்று கேட்டார். அவன் திணறியபோது பதிலைத் தானே சொல்லி, திரும்பச் சொல்ல வைத்தார். சபையில் எல்லார் முன்னாலும் நிறுத்தி மானத்தை வாங்குவதற்கான ஒத்திகை இது என்று அவனுக்குத் தோன்றியது. திரும்பிப் போகும் கப்பல் கூட்டத்தன்று மாலைதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டான்.

நான்காம் நாள் காலை, கருவாடும் பூண்டுச் சோறும் சாப்பிடும்போது துணிந்தான்.

"நமக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம் மேடம். உங்க பங்கு என்னன்னு சொல்லிடுங்க."

"அதை அப்புறம் பேசிக்கலாம் சார். படகெல்லாம் எங்க நிறுத்துவாங்க? மறுபடி சொல்லுங்க."

பெரிய பங்காகக் கேட்கப் போகிறார் என்று விர்ஹிலியோவுக்குப் புரிந்தது. பாதி நிம்மதி, பாதி எரிச்சல்.

கூட்டத்தன்று ஜன்னல்களில்கூட முகத்துவாரத்து ஜனங்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மணிலாவிலிருந்து தாம் வரவழைத்த மேதை என்று மேயர் விள்பார் அவனை அறிமுகம் செய்தார். சிப்பி விற்கும் லோலித் எழுந்தாள்.

"மலையில குடி வெச்சுட்டா படகைத் தலையிலயா தூக்கிட்டுப் போறது?"

சபை சிரித்தது. படகுகளும் வலைகளும் கீழேயே கொட்டகையில் இருக்கும், முறை வைத்துக் காவல் காப்பார்கள், பத்து நிமிட நடைக்குச் சிமெண்ட் பாதை வரும் என்று விர்ஹிலியோ பிசிறில்லாமல் சொன்னான். லோலித் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்த துணை மேயர் நிமிர்ந்தார்.

"இதென்ன, சான் அபெலார்தோன்னு போட்டிருக்கு?"

ஓரிடத்தில் மாற்ற விட்டுப்போயிருக்கிறது. விர்ஹிலியோ கதவு எத்தனை அடி தூரம் என்று கண்ணால் அளந்தான்.

பூரிதா எழுந்தார். "ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த ஊர் சார். தட்டச்சுல கலந்துபோச்சு. நான் திருத்திடறேன்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. முகத்துவாரத்தில் இனி யாரும் கட்டக்கூடாது, நூற்று நாற்பத்திரண்டு குடும்பங்களுக்கும் மலைச்சரிவில் மனை. தீர்மானம் நிறைவேறியது. மேயர் விர்ஹிலியோவைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்.

மாலையில் கப்பலடி வரை பூரிதாவே வழியனுப்ப வந்தார். விர்ஹிலியோ சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, இப்போதாவது பங்கைச் சொல்லச் சொன்னான்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார். உங்க பழைய திட்டம் எட்டையும் படிச்சேன். மலையே இல்லாத ஊருக்கு எரிமலை எச்சரிக்கை எழுதியிருந்தீங்க. அதைப் பார்த்துட்டுத்தான் மேயர்கிட்ட உங்க பேரைச் சொன்னேன்."

அவனுக்கு விளங்கவில்லை. மனதில் மிச்சமிருந்த ஒரே பயத்தைக் கேட்டான். "சான் அபெலார்தோக்காரங்க கண்டுபிடிச்சு என் மேல கேஸ் போட்டா?"

பூரிதா அவனுடைய பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"எப்படிப் போடுவாங்க சார்? மேயர் என் திட்டத்தை ரெண்டு தடவை குப்பையில போட்டப்புறம், தக்பினாவ்ங்கற பேரை எடுத்துட்டு சான் அபெலார்தோன்னு இல்லாத ஊர் பேரைப் போட்டு, சங்கத்தோட தளத்துல ஏத்தினது நான்தானே."