கால் நொடி

தலை நின்ற பிறகும் மூளை உள்ளே கால் நொடி ஆடிவிட்டுத்தான் அடங்கும். எம்.ஆர்.ஐ. கருவியில் அதை அளந்து குறிப்பதுதான் டெக்னீஷியனான அவர் வேலை. ஆய்வுக்கு ஆள் போதாமல் இன்று அவர் மகனைப் படுக்கவைத்து, தலையை ஒரே ஒரு முறை அசைத்தார்கள். பத்து நிமிடமாகியும் திரையில் ஆட்டம் அடங்கவில்லை.

"தம்பி, தலையில எப்பவாவது அடிபட்டிருக்கா?" என்று மைக்கில் கேட்டார் ஆய்வை நடத்தும் டாக்டர்.

"இல்ல டாக்டர். எங்கப்பாகூட என்னைக் கைநீட்டி அடிச்சதில்ல."

ஒவ்வொரு ஆட்டமும் வலது கன்னத்துப் பக்கமிருந்தே கிளம்பியது. மகனின் ஒன்பது வயதில், அவன் உடைக்காத ஒரு கண்ணாடிக்காக, அப்பா ஓங்கி அறைந்த கன்னம் அது.

"மிஷின் கோளாறுதான். வழக்கமான அளவையே போட்டுடுங்க," என்றார் டாக்டர்.

இடதுகைப் பழக்கக்காரரான அப்பா, பதிவேட்டில் 'கால் நொடி' என்று வலதுகையால் எழுதினார்.